ஜமக்காளத்துக்கு நாலு வரி

ஜூலை 8, திங்கள்

பவானியில் ஒரு ஜமக்காளக் கடை. இணையத்தில் போட்டிருக்கும் பொருள் விவரங்களை எல்லாம் திருத்தித் தர வேண்டும், ஆடித் தள்ளுபடிக்குள் முடிய வேண்டும் என்கிறார் கடைக்கார அண்ணன். இப்போது இருப்பதைப் படித்தேன்: "பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் இந்த விரிப்பு உங்கள் இல்லத்தின் அழகுக்கு அழகு சேர்க்கும்." அவர் பையன் ஏதோ ஏஐ செயலியில் கேட்டு வாங்கிப் போட்டதாம். எல்லாப் பொருளுக்கும் இதே சங்கதி, வார்த்தைகள்தான் முன்பின். பெயரை மாற்றினால் தலையணை உறைக்கும் ஒட்டும். எத்தனை பேர் உட்காரலாம் என்று ஒன்றிலும் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

இன்று எதுவும் எழுதவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடையின் பழைய ஆள் ஒருவர் வியாபாரம் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவரிடம் அவர் முதலில் கேட்பது விலையும் இல்லை, நிறமும் இல்லை. "வூட்டுக்குங்களா, விசேஷத்துக்குங்களா? எத்தனை பேரு படுப்பீங்க?" அதற்கப்புறம்தான் மடிப்பைப் பிரிக்கிறார்.

ஓர் அம்மா முனையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தார், இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார், கையில் தூக்கிக் கனம் பார்த்தார். "சாயம் போகுமுங்களா?" "மொதத் தண்ணியில கொஞ்சம் போகுமுங்க. தனியா அலசிப் போடுங்க." வாங்கிக்கொண்டு போய்விட்டார். போனில் பார்ப்பவருக்கு அந்தப் புரட்டல், தேய்த்தல், தூக்கல் மூன்றும் கிடையாது. எழுத வேண்டியது அதைத்தான்.

ஜூலை 11, வியாழன்

முதல் பொருள்: சிவப்பு, பச்சை, கறுப்புப் பட்டை போட்ட 6க்கு 4 அடி. தராசில் வைத்துப் பார்த்துவிட்டு இப்படி எழுதினேன்:

"பவானி ஜமக்காளம், கைத்தறி, பருத்தி, 6 x 4 அடி. ஒரு பெரியவர் பிள்ளையோடு படுக்கலாம். நாலு பேர் நடுவில் தட்டு வைத்துச் சம்மணமிட்டுச் சாப்பிடலாம். எடை 1 கிலோ 400 கிராம். தடிமனான நூல், குழித்தறியில் நெய்தது. மெத்தென்று இருக்காது, முதலில் சற்று முரடாகவே இருக்கும், துவைக்கத் துவைக்கப் பதமாகும். இரண்டு பக்கமும் விரிக்கலாம். முதல் துவையலில் சாயம் கொஞ்சம் இறங்கும், தனியாக அலசவும். நனைந்தால் கனக்கும், கொடி பலமாக இருக்கட்டும்."

தலைப்பில் ஊர்ப் பெயரும் அளவும் முன்னால் வர வேண்டும். போன் திரையில் தலைப்பின் வால் வெட்டுப்பட்டுவிடும். 'அழகிய', 'தரமான' இரண்டும் அந்த இடத்தைத் தின்றுகொண்டிருந்தன. தேடுகிறவர்கள் சமுக்காளம், விரிப்பு, டர்ரி என்று எதை வேண்டுமானாலும் அடிப்பார்கள். அவற்றைத் தேடுசொல் பெட்டியில் போட்டாயிற்று, வாக்கியத்துக்குள் திணிக்கவில்லை.

ஜூலை 13, சனி

அண்ணனோடு சண்டை. "டைல்ஸ் தரையில் நகரும், வயதானவர்கள் நடக்கும் இடத்தில் அடியில் ரப்பர் விரிப்பு போடவும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். "இதையும் நாமளே சொன்னா எவன் வாங்குவான்?" என்றார். அவருடைய வாட்ஸாப்பையே திறந்து காட்டினேன். வழுக்குமா, மெஷினில் போடலாமா, சாயம் போகுமா: மூன்று கேள்விதான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பதில் வரும்வரை யாரும் பணம் கட்டவில்லை. போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு பார்சல் திரும்பி வந்ததையும் சொன்னேன். பழைய விவரத்தில் 'கார்பெட்' என்று இருந்ததால், புசுபுசுவென்று இருக்கும் என நினைத்து வாங்கியிருக்கிறார் அந்த மனிதர். கூரியர் செலவு இரண்டு பக்கமும் கடைக்கு.

"சரி, இருக்கட்டும்" என்றார். முகம் என்னவோ சரியில்லை.

ஜூலை 16, செவ்வாய்

பையன் நண்பர்களை வைத்து ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுதத் தயாராக இருந்தான். 2020இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில், விற்பவர் வாங்குபவர் வேஷத்தில் விமர்சனம் போடக் கூடாது என்றே இருக்கிறது. சொன்னபடி பொருள் இல்லையென்றால் திரும்ப எடுக்க மறுக்கவும் கூடாது. படித்துக் காட்டியதும் விட்டுவிட்டான். அந்த ஆர்வத்தைப் படம் எடுப்பதில் காட்டச் சொன்னேன். மடித்து வைத்த படத்தில் அளவு தெரிவதில்லை. விரித்து, மேலே ஒரு சொம்பு வைத்து எடுத்தான். இப்போது 6 அடியும் 9 அடியும் வித்தியாசம் தெரிகிறது.

ஜூலை 19, வெள்ளி

கடையில் வெளிமாநில விசைத்தறிச் சரக்கும் கொஞ்சம் இருக்கிறது. அதையும் 'பவானி ஜமக்காளம்' என்றே போட்டுவிடலாமே என்றார் அண்ணன். அது மட்டும் நடக்காது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதற்கும் முன்பே, 1985இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைத்தறிக்கென ஒதுக்கிய 11 வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. இங்கே கைவலிக்க நெய்பவர்களின் பெயரை எடுத்து மெஷின் துணிக்கு வைப்பதை என் கையால் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப அதுக்கு என்னதான் எழுதுவே?" என்றார். உள்ளதை எழுதினேன்: "விசைத்தறி விரிப்பு. எடை குறைவு, விலை குறைவு, சீக்கிரம் காயும். பையில் மடித்து வைக்கலாம்." பெயரும் பக்கமும் தனி. சாயங்காலமே கோயம்புத்தூர் ஹாஸ்டல் பையன் ஒருவன், அறைத் தோழர்களுக்கும் சேர்த்து நாலு கேட்டிருந்தான்.