அத்தைக்கு அக்கி வந்தபோது

என் மாமியாருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. முதலில் இடது விலாவில் எரிச்சல் என்றார். நெஞ்சுவலியோ என்று பயந்து இசிஜி எடுத்தால், ஒன்றுமில்லை. அப்புறம்தான் முதுகிலிருந்து மார்பு வரை, ஒரே பக்கமாக, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பியது.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்ததுமே, "அக்கிதான். குயவர் வீட்டுல எழுதிட்டு வந்துடுங்க" என்றார். அத்தைக்கும் அதே எண்ணம். காவி பூசி அக்கி எழுதினால் குளிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் சின்ன வயதில் சின்னம்மை தந்த வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து கிளம்புவதுதான் அக்கி. மேலே பூசுவது அதை எட்டாது. அன்றே தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

"கொப்புளம் எப்ப வந்துச்சு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. 72 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டுமாம். சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேட்டினின் பார்த்துவிட்டு, வைரஸை அடக்கும் வலாசைக்ளோவிர் 1000 மி.கி., மூன்று வேளை, ஏழு நாள் எழுதினார். (அசைக்ளோவிர் என்றால் ஐந்து வேளை. அத்தையிடம் அது நடக்காது.) கொப்புளம் சீக்கிரம் காயும், வலி குறையும்; ஆனால் நரம்பு வலி தங்கவே தங்காது என்று மட்டும் உறுதி தர முடியாது, வயதானவர்களுக்கு அது தங்கும் வாய்ப்பு அதிகம் என்றார். அப்படி ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

ரவிக்கை போட முடியவில்லை. துவைத்துத் துவைத்து நைந்த பருத்திப் புடவையைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டார். பெரிய சண்டை, நாத்தனாரின் கைக்குழந்தையால் வந்தது. கொப்புளம் எல்லாம் பக்குக் கட்டும்வரை குழந்தைக்கு அம்மை தொற்றலாம் என்று தூக்க விடவில்லை. அத்தை என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

பக்கு உதிர்ந்த பிறகும் வலி இருந்தது. மின்விசிறிக் காற்று பட்டாலே சுரீர் என்பார். இரவில் நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை கொடுத்தார்கள். வலி அடங்கியது, ஆனால் தலை சுற்றியது. வயதானவர்கள் விழுந்துவிடுவார்களே என்று கழிவறை விளக்கை இரவு முழுக்க எரிய விட்டோம். மூன்று மாதத்தைத் தாண்டினால்தான் அதைத் தங்கிவிட்ட நரம்பு வலி என்பார்களாம். அதற்குள் அத்தைக்கு மெல்ல விட்டுவிட்டது.

இதையெல்லாம் பார்த்த மாமா, தானே கேட்டு அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டார். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 2023-இல்தான் இந்தியாவுக்கு வந்தது, விலை கடிக்கிறது. மறுநாள் கைவலி, லேசான காய்ச்சல், அவ்வளவுதான். அக்கி வந்தவர்களுக்கும் திரும்ப வரலாம், அத்தையும் போட்டுக்கொள்வது நல்லது என்கிறார் மருத்துவர். "எனக்குத்தான் வந்துட்டுப் போயிடுச்சே" என்று அத்தை இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.