டெபுட்டி ஷெரிஃப் தேர்வு: நேர்காணலில் நான் கோட்டை விட்ட கேள்வி

கலிஃபோர்னியாவில் ஒரு கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) டெபுட்டி ஷெரிஃப், அதாவது ஷெரிஃபின் கீழ் வேலை பார்க்கும் காவல் அதிகாரி வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை எழுத்துத் தேர்வில் தேறி நேர்காணலில் விழுந்தேன். இரண்டாம் முறை கிடைத்தது. 2023 ஜனவரி முதல் அமெரிக்கக் குடியுரிமையை மாநிலச் சட்டம் கட்டாயமாகக் கேட்பதில்லை. அதனால்தான் கிரீன் கார்டு வைத்திருந்த என்னால் முயல முடிந்தது.

எழுத்துத் தேர்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் பெலட்-பி. எழுத்து, வாசிப்பு, தர்க்கம் என்று மூன்று பகுதி. சராசரியை 50 என்று வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். பல அலுவலகங்களுக்கு 42 இருந்தால் போதும். தமிழ் வழியில் படித்த எனக்கு உதறல் கொடுத்தது க்ளோஸ் என்ற பகுதிதான். ஒரு பத்தியில் இடையிடையே சொற்களை எடுத்துவிட்டு, எத்தனை எழுத்தோ அத்தனை கோடு போட்டிருப்பார்கள். நாமே நிரப்ப வேண்டும். தினமும் செய்தித்தாளில் ஒரு பத்தியை மனைவியிடம் கொடுத்து, ஏழு சொல்லுக்கு ஒன்றை அடிக்கச் சொல்லிப் பழகினேன். பெரிய சொற்கள் வந்துவிடும். ஆஃப், பை, ஹேட் போன்ற பொடிச் சொற்கள்தான் காலை வாரும்.

சரி, நேர்காணலுக்கு வருகிறேன். "வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?" என்று கேட்டார்கள். ரோந்து கார், 911 அழைப்பு, திருடனைத் துரத்துவது என்று அடுக்கினேன். குழுவில் ஒருவர் லேசாகச் சிரித்துவிட்டு, "எங்கள் சிறையைப் பற்றி ஏதாவது படித்தீர்களா?" என்றார். படிக்கவில்லை. கதை அங்கேயே முடிந்தது.

போலீஸுக்கு இன்னொரு பெயர்தான் ஷெரிஃப் என்று நினைத்திருந்தேன். அது தப்பு. நகரப் போலீஸ் தலைவரை நகர நிர்வாகம் நியமிக்கும்; ஷெரிஃபை கவுன்டி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளுக்கு அவர்தான் காவல். தனக்கென்று போலீஸ் வைத்துக்கொள்ளாத நகரங்கள் ஷெரிஃபுக்குப் பணம் கட்டி ஒப்பந்தம் போட்டுக்கொள்வதும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் லேக்வுட் நகரம் 1954-இல் தொடங்கிவைத்த ஏற்பாடு அது.

ஆனால் ரோந்து பாதிக் கதைதான். நம் ஊரில் சிறைத்துறை தனி, போலீஸ் தனி, சம்மன் கொண்டுவரும் கோர்ட் அமீனா தனி. இங்கே பெரும்பாலும் மூன்றும் ஒரே அலுவலகம். கவுன்டி சிறையில் இருப்பவர்களில் நிறையப் பேர் தண்டனை பெற்றவர்கள் அல்ல, வழக்கு முடியக் காத்திருப்பவர்கள். அவர்களுக்குச் சாப்பாடு, மருந்து, தலைக் கணக்கு, கோர்ட்டுக்குக் கூட்டிப்போய் வருவது எல்லாம் ஷெரிஃப் பொறுப்பு. பல பெரிய கவுன்டிகளில் புது டெபுட்டியை முதலில் சிறைப் பணியில்தான் போடுவார்கள்.

இரண்டாம் முறைக்குத் தயாரானபோது, நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றும் சிவில் பிரிவைப் பற்றித்தான் நான் அதிக நேரம் படித்தேன். வாடகைதாரரை வெளியேற்ற நீதிமன்றம் உத்தரவிட்டாலும் வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்றக்கூடாது. ஷெரிஃப் அலுவலகம் 5 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் ஒட்டும். அதற்குப் பிறகு டெபுட்டி போய் நின்று வீட்டை ஒப்படைப்பார். துப்பாக்கியைவிடப் பொறுமை அதிகம் தேவைப்படும் வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றியது. இரண்டாம் நேர்காணலில் இதைத்தான் பேசினேன். குழுவினர் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்கள்.

கவுன்டிக்குக் கவுன்டி வேலை மாறும். சான் ஃபிரான்சிஸ்கோவில் நகர ரோந்து போலீஸ் கையில், சிறையும் நீதிமன்றப் பாதுகாப்பும் ஷெரிஃப் கையில். ஆரஞ்ச் கவுன்டியில் சந்தேக மரணங்களை விசாரிக்கும் பொறுப்பும் ஷெரிஃபுக்கே. விண்ணப்பிக்கும் கவுன்டியில் எது எது அவர் கையில் என்று பார்த்துவிட்டுப் போங்கள். நீதிமன்றம் பொதுவாக எல்லோருக்கும் திறந்திருக்கும். நான் இரண்டு காலை சும்மா உட்கார்ந்து, அங்கே நிற்கும் டெபுட்டி என்ன செய்கிறார் என்று பார்த்தேன்.

அப்புறம் பின்னணி விசாரணைப் படிவம். கடந்த 10 வருட முகவரி ஒன்றுவிடாமல் வேண்டும். ஊரில் இருந்த காலமும் சேர்த்தி. ஏதாவது விட்டுப்போனால் மறைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். நான் திருவல்லிக்கேணி மேன்ஷனுக்குப் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதியிருந்தேன். விசாரணை அதிகாரி போன் போட்டு, "ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் இருந்தீர்களா?" என்று கேட்டார்.