சிரிப்புக்காக நிற்கும் ஒரு விநாடி

மேடையில் பழகிய காமெடியன் முதல் படப்பிடிப்பில் சொதப்புவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பன்ச்சைச் சொல்லிவிட்டு ஒரு விநாடி நிற்பார். யாரும் ஏறிப் பேசிப் பார்க்கும் ஓபன் மைக் மேடையில் அந்த விநாடிக்குள் சிரிப்பு வந்து விழும். சாலிகிராமத்து ஷூட்டிங் வீட்டில் முப்பது நாற்பது பேர் சுற்றி நின்றாலும் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் டேக் போச்சு.

அந்த விநாடி எளிதில் வந்ததல்ல. சென்னை ஓபன் மைக்கில் புதியவருக்குப் பெரும்பாலும் ஐந்து நிமிடம். முடியப்போகிறது என்றால் பின்வரிசையிலிருந்து மொபைல் வெளிச்சம் அடிப்பார்கள். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தினால் ஊளையிடும். ஸ்டாண்டை ஓரமாக நகர்த்தாவிட்டால் கூட்டத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு கம்பி நிற்கும். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். வாக்கியம்தான் பழக நாளாகும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் பன்ச்சின் மேலேயே வால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘ஆட்டோக்காரர், மீட்டரா, அது அழகுக்கு சார்னு சொன்னாரு’ என்றால் ‘சொன்னாரு’வில் சிரிப்பு அமுங்கிவிடும். ‘ஆட்டோக்காரர் சொன்னாரு பாருங்க: மீட்டரா? அது அழகுக்கு சார்!’ இப்படித் திருப்பிப் போட்டால் அதே ஜோக் நிற்கும். மேடையில் பேசும் ஒவ்வொரு செட்டையும் போனில் பதிவுசெய்து கேட்பவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். மூன்று மேடையில் சிரிப்பு வராத வரியை, எவ்வளவு பிடித்திருந்தாலும், வெட்டிவிடுவது நல்லது.

மேடையிலிருந்து சினிமாவுக்குப் போன சிவகார்த்திகேயனின் பாதையை எல்லோரும் ‘கலக்கப்போவது யாரு’ வெற்றியிலிருந்தே சொல்வார்கள். திருச்சியில் பொறியியல் படித்தவர், அப்பா சிறைத்துறை அதிகாரி, மிமிக்ரியோடு விஜய் டிவி மேடை. ஆனால் 2012இல் ‘மெரினா’வில் நாயகனாவதற்கு முன் ‘அது இது எது’ டிவி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய காலம்தான் பெரிய பயிற்சி என்பது என் கணக்கு. போட்டியாளர் வென்றால் போதும். தொகுப்பாளர் அடுத்தவர் பேசுவதைக் கேட்டு, எந்த கேமரா ஓடுகிறது என்று தெரிந்து, கவுன்ட்டர் போட்டுவிட்டு உடனே நகர வேண்டும். நிற்க நேரமே கிடையாது.

சினிமாவில் அந்த இடைவெளியை நிரப்புவது எடிட்டர். எதிரில் இருப்பவரின் ரியாக்‌ஷன் ஷாட்டை வைப்பார்; தியேட்டர் சிரிப்பு அடங்க அது போதும். நடிகரே நின்றால் முகம் காலியாகத் தெரியும். க்ளோஸப்பில் இன்னொரு தொல்லை: கடைசி வரிசைக்காக உயர்த்திப் பழகிய புருவம் திரையில் கோமாளித்தனமாகிவிடும். வைட் ஷாட்டில் எந்தச் சொல்லுக்கு டம்ளரைத் தூக்கினாரோ, க்ளோஸப்பிலும் அதே சொல்லுக்குத் தூக்க வேண்டும். கூட்டம் பார்த்து வரி மாற்றிப் பழகியவருக்கு இது சிறைவாசம்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், மாற்றிய வரியை உதவி இயக்குநர் அங்கேயே எழுதிக்கொள்கிறாரா என்று பார்க்க வேண்டும். படப்பிடிப்பில் டப்பிங்குக்கு வழிகாட்டியாகப் பதிவாகும் ஒலியான பைலட் ட்ராக்கில் ஜெனரேட்டர் சத்தம் ஏறியிருந்தால், மாதங்கள் கழித்து டப்பிங்கில் உதட்டைப் பார்த்து ஊகிக்கும் நிலை வரும். அதே டப்பிங் அறையில் ஒரு லாபமும் உண்டு. வாய் தெரியாத ஷாட், முதுகு காட்டும் ஷாட் எல்லாம் காலி மனை. ஷூட்டிங்கில் தப்பாக நின்ற அந்த ஒரு விநாடி அப்படியொரு ஷாட்டில் மாட்டியிருந்தால், கூட ஒரு கவுன்ட்டரை அங்கே நுழைத்துவிடலாம்.