பி4 தள்ளிய பதினொரு நாட்கள்

மார்ச் 3
செஸ்ஸில் இத்தாலியன் ஓப்பனிங் என்ற தொடக்கத்தில் இத்தனை நாளும் சிப்பாய்களை சி3, டி3 கட்டங்களுக்குத் தள்ளி மெதுவாகத்தான் ஆடிவந்தேன். இன்று நான்காவது நகர்வில் ஒரு சிப்பாயைப் பி4க்குத் தள்ளினேன். எவன்ஸ் காம்பிட், அதாவது சிப்பாயைப் பலிகொடுத்து ஆடும் தொடக்கம். 1820களில் வில்லியம் டேவிஸ் எவன்ஸ் என்ற கப்பல் கேப்டன் ஆடத் தொடங்கியது. எதிராளியின் மந்திரி (பிஷப்) அந்தச் சிப்பாயை வெட்டியதும் நான் சி3. அது ஓடவேண்டிய நேரத்தில் நமக்கு டி4 கிடைத்துவிடுகிறது. கொடுத்த சிப்பாய்க்குப் பதிலாக வருவது அந்த ஒரு நகர்வுதான். கூடவே என் இன்னொரு மந்திரி ஏ3க்கு வரவும் வழி திறக்கிறது. இடையில் தடை இல்லையென்றால் அது எஃப்8ஐப் பிடித்துக்கொள்ளும், கறுப்பு ராஜா அந்தப் பக்கம் காஸ்லிங் செய்ய (யானையோடு இடம் மாற்றி ஒதுங்க) முடியாது. ஜெயித்தேன்.

மார்ச் 5
ரிகா நகரில் 1995இல் காஸ்பரோவ் வெள்ளையாகவும் ஆனந்த் கறுப்பாகவும் ஆடிய ஆட்டம். நூறு வருடப் பழைய ஆட்டம் என்று எல்லோரும் ஒதுக்கியிருந்த காம்பிட்டை அன்று காஸ்பரோவ் எடுத்தார். ஆனந்த் மந்திரியை இ7க்கு இழுத்து, குதிரையை ஏ5க்கு அனுப்பி வெள்ளை மந்திரியை விரட்டுகிறார். எட்டாவது நகர்வில் காஸ்பரோவ் டி4ஐச் சி சிப்பாயால் வெட்டுவார் என்றுதான் நினைத்தேன். ராணியால் வெட்டினார்! அந்த ராணி எச்4, ஜி3 என்று நகர்ந்து ஜி7ஐக் குறிவைக்கிறது. அப்புறம் வெள்ளை மந்திரி எச்6இல் வந்து உட்கார்கிறது. ஆனந்தின் ராஜா கடைசிவரை காஸ்லிங் செய்யவே இல்லை. 25 நகர்வில் முடிந்தது. மூன்று தடவை பலகையில் வைத்துப் பார்த்தேன்.

மார்ச் 9
தோல்வி. எதிராளி ஆடியது லாஸ்கர் தற்காப்பு. மந்திரி ஏ5, பிறகு சிப்பாய் டி6. நான் காஸ்லிங் செய்ததும் மந்திரி பி6க்குப் போய்விட்டது. இ5இல் வெட்டினேன், ராணிகள் மாறின, சிப்பாயும் திரும்பி வந்தது. ஆனால் என் ஏ, சி சிப்பாய்கள் துணையில்லாமல் நின்றன. தாக்குதல் எங்கேயும் இல்லை. சிப்பாயைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஆடும் எதிராளியைத்தான் இந்தக் காம்பிட்டில் பயப்பட வேண்டும்.

மார்ச் 10
அதே நிலையை வீட்டில் பார்த்தேன். காஸ்லிங்குக்குப் பதில் ஏழாவது நகர்வில் ராணி பி3. எஃப்7க்கு மிரட்டல். கறுப்பு ராணி இ7க்கு வந்தால் என் சிப்பாய் டி5, குதிரைகள் மாறியதும் ஏ4இல் ராணி ஷா (செக்), ஏ5 மந்திரி போச்சு. அதனால் ராணி டி7க்கு வந்து தன் மந்திரியின் வழியையே அடைக்கவேண்டும்.

மார்ச் 13
அதே எதிராளி. ராணி பி3 வைத்தேன். நெடுநேரம் யோசித்து டி7க்கு வந்தார். இ5இல் வெட்டினேன், திருப்பி வெட்டாமல் மந்திரியை அமைதியாகப் பி6க்கு இழுத்தார். நல்ல நகர்வு அது. டிரா. இன்று இரவு அந்த நிலையிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும்.