டோஸ்ட்மாஸ்டராக முதல் கூட்டம்: நிமிடக் கணக்கும் மேடை கைமாறும் நொடிகளும்

மேடைப் பேச்சுப் பயிற்சிக்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் அன்றைய கூட்டத்தை நடத்துபவர்தான் டோஸ்ட்மாஸ்டர். அந்தப் பொறுப்பு முதன்முறை வரும்போது பலரும் தொடக்க உரைக்காகத்தான் மெனக்கெடுகிறார்கள். கூட்டம் சொதப்புவது அங்கே இல்லை. நிமிடக் கணக்கிலும், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு மேடை கைமாறும் சில நொடிகளிலும்தான்.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். வழக்கமான தயாரிப்புப் பேச்சு 5 முதல் 7 நிமிடம். நேரம் பார்க்கும் டைமர் 5-ல் பச்சை, 6-ல் மஞ்சள், 7-ல் சிவப்பு அட்டை காட்டுவார். அதற்கு மேல் 30 விநாடி சலுகை. ஆக ஏழரை நிமிடம். அறிமுகத்துக்கு ஒன்று, பேச்சு முடிந்ததும் எல்லோரும் கருத்துச் சீட்டு எழுத ஒன்று என்று சேர்த்தால் ஒரு பேச்சாளருக்கு ஒன்பதரை. மூன்று பேருக்கு இருபத்தெட்டரை. கேட்ட கேள்விக்குத் தயாரிப்பில்லாமல் உடனே பேசும் டேபிள் டாபிக்ஸில் ஒருவர் பேசுவது அதிகபட்சம் 2 நிமிடம்தான், ஆனால் கேள்வி கேட்டு, அவர் எழுந்து வந்து நிற்பதற்குள் 3 ஆகிவிடும். ஆறு பேருக்கு 18. பேச்சுகளைப் பற்றி மதிப்பீட்டாளர்கள் கருத்துச் சொல்லும் மூன்று மதிப்பீடுகளுக்கு, அவர்களை அழைப்பதையும் சேர்த்து 12. டைமர், ஆ-கவுண்டர் (பேச்சில் வரும் 'ஆ', 'ம்' போன்றவற்றை எண்ணுபவர்), கிராமேரியன் (மொழிநடையைக் கவனிப்பவர்) அறிக்கைகளும் கூட்டம் முழுவதையும் மதிப்பிடும் பொது மதிப்பீட்டாளரும் சேர்ந்து 10. தொடக்கமும் கிளப் தலைவரின் முடிவுரையும் 12. கூட்டிப் பாருங்கள்: எண்பதரை. 90 நிமிடக் கூட்டத்தில் கையில் மிஞ்சுவது ஒன்பதரை நிமிடம். "இன்னும் நாலு பேர் வரட்டும்" என்று பத்து நிமிடம் காத்திருந்தால் அதுவும் போய்விடும்.

நேரம் போதாதபோது வெட்ட வேண்டியது டேபிள் டாபிக்ஸைத்தான். ஆறு பேரை மூன்றாக்கினால் 9 நிமிடம் திரும்பக் கிடைக்கும். மதிப்பீட்டில் கை வைக்கவே கூடாது. பேச்சாளர் நாள்கணக்கில் தயார் செய்து வந்தது அந்த 3 நிமிடக் கருத்துக்காக.

ஒரு வாரம் முன்பே எல்லோரையும் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் போட்டதை நம்ப வேண்டாம். பேச்சாளரிடம் தலைப்பு, அவர் செய்யும் பயிற்சிப் புராஜெக்டின் நோக்கம், நேர வரம்பு மூன்றையும் கேளுங்கள். ஐஸ்பிரேக்கர், அதாவது உறுப்பினரின் முதல் பேச்சு என்றால் 4 முதல் 6 நிமிடம். அதை டைமருக்குச் சொல்லாவிட்டால் பச்சை அட்டை ஒரு நிமிடம் தாமதமாக வரும், முதல்முறை பேசுபவர் அங்கேயே தடுமாறுவார். கேட்டறிந்த நோக்கத்தை மதிப்பீட்டாளருக்கும் அனுப்பிவிடுங்கள். கடைசி நேரத்தில் யாராவது வராமல் போனால் டைமரையும் ஆ-கவுண்டரையும் ஒருவரே பார்த்துக்கொள்ளலாம். மதிப்பீட்டாளர் இடத்துக்கு மட்டும் அனுபவமுள்ள ஒருவரைத் தயாராக வைத்திருங்கள்.

அறிமுகத்தில் வரிசை முக்கியம். பேச்சின் நோக்கம், நேரம், பிறகு தலைப்பு, கடைசியில் பெயர். பெயரை முதலிலேயே சொன்னால் அரங்கம் அப்போதே கைதட்டிவிடும். பேச்சாளர் எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்து நிற்பார். பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பேசப்போகும் விஷயத்தை நீங்களே சொல்லித் தீர்க்கவும் வேண்டாம். பெயரைச் சொன்னதும் கைதட்டலை நீங்கள் தொடங்கி, அவர் வந்து சேரும்வரை மேடையிலேயே நின்று, கைகுலுக்கிவிட்டு, அவர் முன்னால் குறுக்கே போகாமல் விலகுங்கள். மேடை ஒரு நொடிகூடக் காலியாக இருக்கக்கூடாது.

அலுவலகக் கூட்டங்களை நடத்திப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொருவர் பேசி முடித்ததும் சுருக்கம் சொல்லி, நம் கருத்தையும் சேர்ப்பது அங்கே வழக்கம். இங்கே அது மதிப்பீட்டாளரின் வேலை. பேச்சில் மனதில் நின்ற ஒரு வரியைச் சொல்லி, நன்றி கூறி, அடுத்தவரை அழைத்தால் போதும். ஆளுக்கு ஒரு நிமிடம் கருத்துச் சொன்னாலும் பத்துப் பேருக்குப் பத்து நிமிடம். மிச்சம் வைத்திருந்ததைவிட அதிகம்.

சிவப்பு அட்டைக்குப் பிறகும் பேச்சு தொடர்ந்தால் குறுக்கிட்டுப் பேசாதீர்கள். சலுகை நேரம் தீர்ந்ததும் இருக்கையிலிருந்து எழுந்து நில்லுங்கள். பெரும்பாலானோர் அடுத்த வாக்கியத்திலேயே முடித்துக்கொள்வார்கள்.

நிரலில் போட்ட நேரத்துக்கு எதிரே உண்மையில் ஆன நேரத்தையும் அவ்வப்போது குறித்துக்கொண்டே வாருங்கள். கூட்டம் முடிந்ததும் அந்தத் தாளை அடுத்த கூட்டத்தை நடத்துபவரிடம் கொடுத்துவிடுங்கள்.