எட்டு வேளை ஜெபமும் ஆடு மேய்த்தவர்களும்

பீருமேட்டுக்கு வரும் உறவினர்களை வாகமண் குரிசுமலை ஆசிரமத்துக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். காவி உடுத்திய கத்தோலிக்கத் துறவிகளையும் அவர்களுடைய பால் பண்ணையையும் பார்த்துவிட்டு, “சாமியார்களே பாடுபடுகிறார்களே!” என்று எல்லோரும் வியப்பார்கள். பிரான்சிஸ் ஆச்சார்யாவும் பீட் கிரிபித்ஸும் 1958இல் தொடங்கிய இந்த ஆசிரமம் 1998இல் சிஸ்டர்சியன் என்ற துறவியர் சபையில் சேர்ந்தது.

அந்தச் சபையின் பூர்வீகத்தை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். 910இல் தோன்றிய க்ளூனி மடத்தின் கீழ் பிரயரி எனப்படும் கிளை மடங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவை எல்லாவற்றுக்கும் க்ளூனியின் தலைவர் ஒருவரே தலைவர். அங்கே வழிபாடு நீண்டுகொண்டே போக, வயல் வேலை பிறர் தலையில் விழுந்தது. அது பிடிக்காதவர்கள் 1098இல் பிரான்சின் சிட்டோ காட்டுக்குப் போய், புனித பெனடிக்ட் மடங்களுக்கு வகுத்த பழைய ஒழுங்குப்படி எட்டு வேளை ஜெபித்து, தங்கள் கையாலேயே உழைத்து வாழத் தொடங்கினார்கள். அவர்கள் வழிவந்த மடங்கள் ஆடும் வளர்த்தன. இவர்கள்தான் சிஸ்டர்சியன்கள்.

அம்மா இடைமறித்தார். “இரவும் பகலும் எட்டு வேளை கோயிலில் நின்றால் ஆடு மேய்த்தது யார்?”

வாழ்நாளெல்லாம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர் கேட்கவேண்டிய கேள்விதான். மேய்த்தவர்கள் உழைப்புச் சகோதரர்கள், அதாவது மடத்தில் சேர்ந்து உடலுழைப்பைச் செய்தவர்கள். தாடி வளர்த்தவர்கள், பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்கள் புத்தகம் வைத்திருக்கக் கூடாது, தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்கு ஓட்டும் கிடையாது. உண்ணவும் உறங்கவும் தனி இடம்; கோயிலுக்குள்ளும் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான். இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் ரீவோ சிஸ்டர்சியன் மடத்தில் ஏல்ரெட் தலைவராக இருந்தபோது 140 துறவிகளும், உழைப்புச் சகோதரர்களும் வேலையாட்களுமாக 500 பேரும் இருந்ததாக அவருடைய சீடர் எழுதியிருக்கிறார். லயத்தில் பிறந்த எனக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரிந்தது. தோட்டத்துப் பங்களாவின் முன்வாசலை அம்மா ஒருநாளும் மிதித்ததில்லை.

நியாயமாகச் சொன்னால், யாரும் அவர்களைக் கட்டி இழுத்து வரவில்லை. பஞ்ச காலத்தில் நிச்சயமான சோறு, செத்தால் மோட்சம் என்று நம்பி வந்தார்கள். அவர்கள் வளர்த்த ஆடுகளின் கம்பளியை இத்தாலிய வணிகர்கள் முன்பணம் கொடுத்து வாங்கினார்கள். புகழென்னவோ வெள்ளை அங்கி அணிந்த துறவிகளுக்குப் போனது.

14ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்தபின் இந்தச் சகோதரர்கள் அருகிப்போக, மடங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டன. சிஸ்டர்சியன் சபையில் குரிசுமலை சேர்ந்திருக்கும் டிராப்பிஸ்ட் கிளையில், துறவி, உழைப்புச் சகோதரர் என்ற இந்த இரண்டு தரத்தையும் ஒன்றாக்கியது 1965இல்தான்.

இங்கிலாந்தில் இருந்த இன்னொரு சிஸ்டர்சியன் மடமான ஃபவுண்டன்ஸின் படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். கோயிலுக்குக் கூரை இல்லை. உழைப்புச் சகோதரர்கள் உண்டு உறங்கிய நீண்ட கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கல் வளைவுகள் இன்னும் முழுசாக நிற்கின்றன. “நல்ல கொத்தனார்” என்றார் அம்மா.