வைக்கோலை வயலிலேயே வைத்திருத்தல்: படுவான்கரையில் ஒரு சிறுபோகத்தின் நாட்குறிப்பு

2024 பெப்ரவரி 26

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) பெரும்போக வெட்டு, அதாவது மாரிக்கால நெல் அறுவடை, முடிந்துவிட்டது. அறுவடை இயந்திரம் போன தடமெங்கும் வைக்கோல் நீள்வரிசையாகக் கிடக்கிறது. மேற்கே உள்ள வட்டைகளில் பொழுது சாய்ந்ததும் புகை எழுகிறது. எரிப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். உழும்போது வைக்கோல் உழவு இயந்திரத்தின் சுழல் கலப்பையான றொட்டவேற்றரில் சுற்றிக்கொள்ளும். நெருப்பு வைத்தால் பன்றிநெல் என்ற களையின் விதையும் பூச்சிகளும் அழியும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஆனால் எரிந்து போவது என்ன என்பதைக் கணக்குப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

நெல் எவ்வளவு விளைகிறதோ ஏறக்குறைய அதே எடைக்கு வைக்கோலும் விளைகிறது. ஏக்கருக்கு இரண்டு தொன் நெல் கண்ட வயலில் வைக்கோலும் இரண்டு தொன் அளவில் கிடக்கும். ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை நைதரசனும், ஒரு கிலோ அளவில் பொசுபரசும், 12 முதல் 17 கிலோ வரை பொற்றாசியமும் இருக்கின்றன. பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொற்றாசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு நெல்மணிக்குப் போவதில்லை, வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. ஓர் அந்தர் (50 கிலோ அளவு) எம்.ஓ.பி. என்ற பொற்றாசிய உர மூடையில் இருக்கும் பொற்றாசியம் 25 கிலோ அளவுதான். அப்படியானால் ஒரு ஏக்கர் வைக்கோலைக் கொளுத்துகிறவர் தம் வயலில் கிடந்த ஒரு மூடை எம்.ஓ.பி.யைப் பணயம் வைக்கிறார் என்றே கொள்ள வேண்டும். தீயில் நைதரசன் அநேகமாக முழுவதும் காற்றோடு போய்விடுகிறது. பொற்றாசியத்தின் பெரும்பகுதி சாம்பலில் எஞ்சுவது உண்மையே. ஆயினும் குவித்து எரித்த இடங்களில் மட்டும் அது திட்டுத் திட்டாகத் தங்கி, முதல் தண்ணீரில் கரைந்து வாய்க்காலுக்குப் போகிறது. எல்லாவற்றிலும் பெரிய இழப்பு காபன். அதைக் கமநல சேவை நிலையத்திலும் வாங்க முடியாது, கடையிலும் வாங்க முடியாது.

மாட்டுக்கு வேண்டிய அளவை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டு, மீதியைக் கவைக்கம்புகளால் வயல் முழுக்கப் பரப்பத் தொடங்கியிருக்கிறோம். வரிசையாகக் கிடப்பதைப் பரப்பாமல் உழுதால் ஓரிடத்தில் அளவுக்கு மீறியும் மற்றோரிடத்தில் ஒன்றுமில்லாமலும் போகும்.

மார்ச் 4

ஈரம் காய்வதற்கு முன் மேலோட்டமாக ஓர் உழவு உழுதுவிட்டோம். இந்த உழவு ஆழமாகப் போகக் கூடாது. ஐந்து முதல் பத்து சதமமீற்றர் போதும். தாளும் வைக்கோலும் மண்ணோடு கலந்து, காற்றும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும் இந்த வாரங்களில் உக்கத் தொடங்கினால், தண்ணீர் கட்டிய பிறகு சேற்றுக்குள் காற்றில்லாமல் அழுகும் பங்கு குறையும். சேற்றில் அழுகும் வைக்கோலிலிருந்துதான் மீதேன் வாயு கூடுதலாக வருகிறது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

மார்ச் 9

மண் மாதிரி எடுத்தேன். வயலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு வளைந்து வளைந்து நடந்து, வரம்போரத்தையும் பசளை கொட்டி வைத்த இடத்தையும் தவிர்த்து, மண்வெட்டியால் ஆப்பு வடிவில் வெட்டி, மேலிருந்து 15 சதமமீற்றர் வரை ஒரே தடிப்பில் ஒரு துண்டு சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து, நாலு பங்காக்கி, எதிரெதிர் பங்குகள் இரண்டை விலக்கி, மறுபடி கலந்து பங்கிட்டு, கடைசியில் அரைக் கிலோ அளவில் நிழலில் உலர்த்திக் கொடுத்தால் போதும். கைக்கு எட்டிய ஓரிடத்து மண்ணை மட்டும் பையில் போட்டுக் கொடுப்பவர்களுக்கு, எவ்வளவு நல்ல ஆய்வுகூடமும் அந்த ஓரிடத்தைப் பற்றித்தான் பதில் சொல்லும்.

வீட்டில் வேறொரு சோதனையும் செய்து பார்த்தேன். வேலியோரப் பூவரசின் அடியிலிருந்து ஒரு கட்டியும், வயலின் நடுவிலிருந்து அதே அளவில் ஒரு கட்டியும் எடுத்து நன்றாக உலர்த்தி, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கினேன். பூவரசடிக் கட்டியிலிருந்து சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தன; கட்டி குலையவில்லை, தண்ணீரும் தெளிவாகவே இருந்தது. வயற்கட்டி ஓரங்களில் பொருபொருத்து, தூள் தூளாகச் சரிந்து, சற்று நேரத்தில் குவளையின் அடியில் வெறும் மணலும் மேலே கலங்கல் நீருமாக நின்றது. சேற்று உழவு மண்கட்டமைப்பைக் குலைப்பது இயல்பே. நெல்லுக்கு அது தேவையும்கூட. ஆனால் மண்ணைப் பிடித்து வைக்கும் சேதனப் பொருள் (உக்கிய தாவர, விலங்குக் கழிவு) இல்லாததுதான் இவ்வளவு விரைவாகக் குலையக் காரணம். மட்டக்களப்பு, அம்பாறை உட்பகுதிகளின் கபில நிற மணல்சார் மண் இயற்கையிலேயே சேதனப் பொருள் குறைந்தது, போட்ட உரத்தைப் பிடித்து வைக்கும் வலுவும் குறைந்தது. மூடை மூடையாக யூரியா போட்டும் பயிர் சில நாட்களில் வெளிறிப் போவதன் மூலகாரணத்தை நான் அந்தக் குவளையில் பார்த்தேன்.

மார்ச் 15

மாமா வந்து வயலைப் பார்த்தார். "மனே, அந்த வருசம் பட்டதை மறந்திற்றியா? திரும்பவும் சேதனப் பசளைக் கதையை எடுக்காத" என்றார். அவர் சொன்னது 2021ஐ. அந்த ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவிப்பில் தடை செய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டிருந்தது. யூரியா கிடைக்காத வயல்களில் வேளாண்மை (நெற்பயிர்) மஞ்சளாய், கட்டை கட்டையாய் நின்றதைக் கண்டவர்களில் நானும் ஒருவன். பலர் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. அவருடைய கோபம் நியாயமானது.

அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதிவைக்கிறேன், ஏனெனில் அந்த ஆண்டின் பெயரால் சேதனப் பசளை என்ற சொல்லே எங்கள் ஊரில் கெட்டுப்போயிருக்கிறது. ஒரு தொன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ வரை நைதரசன் எடுக்கிறது. ஏக்கருக்கு இரண்டு தொன் வேண்டுமானால் 30 முதல் 40 கிலோ. யூரியாவில் நைதரசன் 46 வீதம், ஆகவே 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ இருக்கிறது. கூட்டெருவிலோ (கொம்போஸ்ற்) பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். அதிலும் ஒரு பங்கு மட்டுமே முதற்போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். ஒரு மூடை யூரியாவின் வேலையைக் கூட்டெருவால் மட்டும் செய்ய வேண்டுமானால் பல தொன் எருவை ஏற்றி இறக்க வேண்டும், அவ்வளவு எரு எந்த ஊரிலும் இருக்கவில்லை. ஆக, அன்று சேதனப் பசளையிடம் அதனால் முடியாத வேலையைக் கேட்டார்கள். அதனால் முடிந்த வேலை வேறு: மண் ஈரத்தைப் பிடித்து வைப்பது, போடும் யூரியா வீணாகாமல் நிற்பது, மண்ணுயிர்களுக்கு உணவாவது. இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரியாக நிறுத்தியதுதான் அந்த ஆண்டின் கேடு என்பது என் உறுதியான எண்ணம். மாமா பதில் சொல்லவில்லை. யூரியாவை நிறுத்தப் போவதில்லை என்று நான் சொன்ன பிறகே கொஞ்சம் ஆறுதலாகப் போனார்.

மார்ச் 21

சிறுபோகத்தின், அதாவது கோடைகால நெற்செய்கையின், ஆரம்பக் கூட்டம் நடந்தது. தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்க வேண்டிய நாள், மாடுகளை அப்புறப்படுத்த வேண்டிய நாள் எல்லாம் தீர்மானமாயின. வைக்கோல் எரிப்பதைப் பற்றி எவரும் பேசவில்லை. நான் எழுந்து சில வார்த்தைகள் சொன்னேன்.

மாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டு முடிந்து தண்ணீர் வரும் வரை வயல்களில் மேயும் பட்டிகளை வெறும் தொல்லையாகப் பார்ப்பது சரியன்று. ஒரு பட்டியைச் சில இரவுகள் வயலிலேயே அடைத்தால் சாணமும் சிறுநீரும் ஏற்றுக்கூலி இல்லாமல் நிலத்தில் விழுகின்றன. பட்டிக்காரரோடு முன்கூட்டியே பேசி, இரவுக்கு ஒரு வரவை (வரம்பு சூழ்ந்த வயற்பாத்தி) என்று மாற்றி மாற்றி அடைக்க ஏற்பாடு செய்தேன். மேய்ச்சல் தரைகள் ஆண்டுக்காண்டு சுருங்கிவரும் இந்த மாவட்டத்தில் இந்தப் பழைய உறவு அறுந்துவிடக் கூடாது.

ஏப்ரல் 3

தண்ணீர் வந்ததும் சேற்று உழவு. அதற்கு முன் வேலிக் கிளிசரிடியாக் கொப்புகளை வெட்டி, இலையையும் இளந்தண்டையும் வயலில் பரப்பினோம். உலர் எடையில் மூன்று முதல் நான்கு வீதம் நைதரசன் உள்ள இலை அது. சில நாட்களிலேயே கரைந்து சேறாகிவிடும். வைக்கோலோடு அதைச் சேர்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. வைக்கோலில் காபன் மிகுதி, நைதரசன் குறைவு; ஏறத்தாழ 60க்கு 1 அல்லது அதற்கும் மேல். அதை உண்ணும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், விதைப்பதற்குச் சற்று முன்பு வைக்கோலை உழுதவரின் பயிர் முதல் வாரங்களில் பட்டினி கிடக்கும். பச்சிலையும் சாணமும் அந்தப் பற்றாக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. விதைப்புக்கு முன் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுவது மீதியை ஈடுசெய்கிறது.

ஏப்ரல் 20

புத்தாண்டு கழிந்து விதைத்தாயிற்று. பி.ஜி. 94-1, மூன்றரை மாத நெல். பலகையடித்து மட்டம் பார்ப்பதற்கு மற்ற ஆண்டுகளைவிடக் கூடுதல் நேரம் கொடுத்தோம். மட்டமில்லாத வரவையில் தண்ணீரும் உரமும் பள்ளத்துக்கே போகும்.

மே 11

தாழ்ந்த மூலையில் பயிர் தேங்கி நிற்கிறது. அங்கே காலை ஊன்றினால் குதிகாலைச் சுற்றிக் குமிழிகள் கொப்பளித்து எழுகின்றன, கூமுட்டை வாடை வீசுகிறது. ஒரு முளையைப் பிடுங்கிப் பார்த்தேன். வெண்மையும் செங்கபிலமுமாக இருக்க வேண்டிய வேர்கள் நுனிவரை கறுத்திருந்தன. சேற்றைக் கழுவியும் கறுப்பு போகவில்லை. வெட்டுக் காலத்தில் இயந்திரம் திரும்பிய இடம் அது, அங்கே வைக்கோல் கூடுதலாகக் குவிந்திருந்தது. காற்றில்லாத சேற்றில் அது அழுகி ஐதரசன் சல்பைட்டு உண்டாகிறது. வரம்பில் தண்ணீர் போகும் வாயான வக்கடையை வெட்டித் தண்ணீரை வடியவிட்டிருக்கிறேன். மண் மேற்பரப்பு மயிரிழையாக வெடிக்கும் வரை காயவிட்டுப் பிறகு தண்ணீர் கட்ட வேண்டும். இந்த நிலையில் மஞ்சளைக் கண்டு யூரியா எறிவது வீண், கறுத்த வேரால் அதை எடுக்க முடியாது. கீழிலைகளில் துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகள் தெரிந்தால் நாக (துத்தநாக)ப் பற்றாக்குறையையும் நினைக்க வேண்டும். தண்ணீர் வடியாமல் நிற்கும் நிலங்களில் அது அடிக்கடி வருவது.

மே 19

மூலைப் பயிரில் புது வெள்ளை வேர் ஓடியிருக்கிறது.

யூன் 2

இலையின் பச்சையை வைத்து யூரியா தேவையைக் கணிக்க உதவும் இலை நிற அட்டையோடு வயலைச் சுற்றினேன். முழுதாக விரிந்த மேலிலையை உடம்பின் நிழலில் பிடித்து அட்டையின் பச்சைகளோடு ஒப்பிடுவதே முறை, நேர்வெயிலில் பார்த்தால் நிறம் ஏமாற்றும். பட்டி அடைத்த வரவைகளில் இலை இன்னும் கடும்பச்சை. அங்கே இந்த முறை யூரியாவைக் குறைத்தேன். மற்றவற்றுக்கு வழமையான அளவு. கடும்பச்சைப் பயிருக்கு மேலும் யூரியா போட்டால் கபிலத் தத்திப் பூச்சியையும் எரிபந்த நோயையும் வரவேற்பதாகவே முடியும்.

யூன் 9

வயலில் ஒரு குழாய் நட்டிருக்கிறேன். 30 சதமமீற்றர் நீளமான பிளாஸ்ரிக் குழாய். கீழ்ப்பாதியில் துளைகள், மேற்பாதி மண்ணுக்கு வெளியே. உள்ளேயிருக்கும் சேற்றை வழித்தெடுத்துவிட்டால், மண்ணுக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மேற்பரப்பிலிருந்து 15 சதமமீற்றர் இறங்கும் வரை பயிருக்குக் குறையில்லை, அதன்பின் கட்டினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இப்படிச் செய்தால் தண்ணீரும் மிஞ்சும், மீதேனும் குறையும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். வைக்கோல் புதைத்த வயலுக்கு இந்தக் காற்று மிகவும் வேண்டியது. வட்டையின் தண்ணீர் முறையைக் கவனிக்கும் வட்டைவிதானை அண்ணன் குழாயை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி முறைக்குத்தானே வருது, நீ வேணுமெண்டு கேக்கிற நேரம் வராதே தம்பி" என்றார். உண்மைதான். தனி ஒருவர் குழாய் நட்டுப் பயனில்லை, ஒரே வாய்க்காலில் பாயும் எல்லோரும் சேர்ந்து முறை வகுத்தால்தான் இது முழுப்பயன் தரும்.

யூன் 23

களுதாவளைக்குப் போய் வந்தேன். கடலோர மணலில் மிளகாயும் கத்தரியும் வெற்றிலையும் செய்யும் அந்த மக்களின் உழைப்பு பெரியது, அவர்களின் மண்ணோ எங்களுடையதைவிடக் கடினமானது. அந்த மணலில் போட்ட நைதரசன் தண்ணீரோடு இறங்கி, குறைந்த ஆழத்திலேயே இருக்கும் கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. அதே கிணற்றிலிருந்துதான் குடிக்கவும் அள்ளுகிறார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு; கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். அந்த நிலத்துக்கு உரத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுவதும், எருவையும் இலைதழையையும் இடைவிடாமல் சேர்ப்பதும் தவிர வேறு வழியில்லை. வெப்பமான மணலில் சேதனப் பொருள் விரைவாகச் சிதைந்துவிடுவதால், ஒரு முறை போட்டு ஓய முடியாது.

ஆகஸ்ட் 6

வெட்டு முடிந்தது. பக்கத்து வயலுக்கும் எங்கள் வயலுக்கும் விளைச்சலில் சொல்லும்படியான வித்தியாசமில்லை. எங்கள் செலவில் யூரியா குறைந்திருக்கிறது, தாழ்ந்த மூலையில் நெல்லும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மண்ணின் சேதனப் பொருள் ஒரே போகத்தில் அளக்கும்படி உயர்வதில்லை, பல ஆண்டுகள் வேண்டும். மாமா மூடைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, தம்முடைய மேட்டு வரவை ஒன்றில் மட்டும் இம்முறை நெருப்பு வைக்காமல் பார்ப்பதாகச் சொன்னார்.

இயந்திரக்காரத் தம்பியோடு வெட்டுக்கு முன்பே பேசியதால், மூலைகளில் திரும்பும் இடங்களில் வைக்கோல் குவியாமல் ஓட்டினார். தாழ்ந்த மூலையிலிருந்து இம்முறை வைக்கோலை முழுவதுமாக வாரி வரம்புக்கு வெளியே எடுத்து, சாணமும் கிளிசரிடியா இலையும் அடுக்கடுக்காக வைத்துக் கூட்டெருக் குவியலாக்கப் போகிறேன். கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டாமல் கசியும் ஈரம் இருக்க வேண்டும். நடுவில் சூடு ஏறி இறங்குவதைப் பார்த்துப் புரட்டிவிட்டால், மழை தொடங்கும் முன் பெரும்போக நாற்றுமேடைக்கு எரு ஆகிவிடும்.